ஒயர்லெஸ் கேமராவை நம்பிப் பழைய ஒயரைப் பிடுங்கலாமா?

பொள்ளாச்சிப் பக்கம் வீடும் தென்னந்தோப்பும் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டது இது. வீட்டில் ஐந்து வருடத்துக்கு முன் மாட்டிய எட்டு கேமராவும் அவற்றின் படத்தைப் பதியும் ஒரு டிவிஆர் பெட்டியும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வீட்டிலிருந்து சுமார் 300 மீட்டர் தள்ளிக் கொப்பரைக் களமும் மோட்டார் ரூமும் இருக்கின்றன. அங்கே கேமரா இல்லை. போன மாதம் மோட்டார் கேபிளை யாரோ வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கடைக்காரர், "இனிமேல் எல்லாமே ஒயர்லெஸ்தான், ஏஐதான், பழசைக் கழற்றிப் போட்டுவிட்டு மொத்தமாக மாறிவிடுங்கள்" என்கிறார். மாறலாமா, இன்னும் ஒன்றிரண்டு வருடம் பொறுத்தால் இதைவிட நல்லது வருமா என்பது கேள்வி.

மேலோட்டமாகப் பார்த்தால் ஒயரா, ஒயர்லெஸ்ஸா என்று கேட்பதுபோல் இருக்கிறது. உள்ளே இருக்கும் கவலை வேறு. திருடன் வந்துபோகும் அந்த இரண்டு நிமிடம் பதிவாகியிருக்குமா? இன்று போடும் காசு ஐந்து வருடம் உழைக்குமா? அந்தப் படத்தை என்னைத் தவிர வேறு யாராவது பார்ப்பார்களா? இவற்றுக்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன். கோவையைச் சுற்றிப் பதினெட்டு வருடமாகக் கேமரா மாட்டுவதும் நெட்வொர்க் இழுப்பதும்தான் எனக்குப் பிழைப்பு. ஒயர் இழுத்தால் மீட்டர் கணக்கில் கூலி உண்டு. அதையும் மனதில் ஓர் ஓரமாக வைத்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் அந்த 'ஒயர்லெஸ்' என்ற சொல். ஒரு கேமராவுக்கு இரண்டு ஒயர் வேண்டும், ஒன்று படத்துக்கு, இன்னொன்று கரண்டுக்கு. பெட்டியின் மேல் ஒயர்லெஸ் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் முதல் ஒயர் இல்லை என்றுதான் அர்த்தம். இரண்டாவதற்கு நீங்கள் எப்படியும் சுவரில் துளை போட்டு, பைப் அடித்து, அடாப்டர் சொருக ஒரு பாயின்ட் வைக்கத்தான் போகிறீர்கள். அவ்வளவு வேலையும் செய்துவிட்டு, அதே பைப்பில் ஒரே ஒரு லேன் கேபிள் போயிருந்தால் கரண்டும் படமும் சேர்ந்தே போயிருக்கும். பிஓஇ என்று நாங்கள் சொல்வது அதைத்தான். அதற்கான தரம் 2003-லேயே வந்துவிட்டது. கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச் என்ற பெட்டியிலிருந்து 15.4 வாட் வரை கொடுக்கும், 100 மீட்டர் வரை போகும். சாதாரண கேமராவுக்கு அது தாராளம். ஒரே எச்சரிக்கை: சந்தையில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய லேன் கேபிள் பாதி விலைக்குக் கிடைக்கும். அதில் பிஓஇ ஓட்டினால் தூரம் கூடக்கூடக் கரண்ட் விழுந்துபோய், ராத்திரியில் அகச்சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்ததும் கேமரா அணைந்து அணைந்து எரியும். பகலில் போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு காலத்தில் நான் மூன்று ராத்திரி ஏணியில் உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்தது வைஃபை. வீட்டில் செல்போன் நன்றாக ஓடுகிறதே, கேமராவும் ஓடாதா என்று எல்லோரும் கேட்பார்கள். போன் வேலை செய்யும் விதம் வேறு, கேமரா வேலை செய்யும் விதம் வேறு. போன் பெரும்பாலும் வாங்கும், அதுவும் விட்டுவிட்டு வாங்கும். வீடியோ ஒரு நொடி நின்றாலும் முன்கூட்டியே இறக்கி வைத்ததை ஓட்டிச் சமாளித்துவிடும். கேமரா இருபத்துநாலு மணி நேரமும் அனுப்பிக்கொண்டே இருக்கும். (வேகத்தை எம்பிபிஎஸ் என்று எழுதினால் டாக்டர் படிப்பு மாதிரித் தெரிகிறது. அதனால் மெகாபிட் என்றே எழுதுகிறேன்.) 4 மெகாபிக்சல் கேமரா ஒன்று எச்.265 முறையில் சுருக்கினால் நொடிக்கு 2 முதல் 4 மெகாபிட் வரை கேட்கும். எட்டு கேமராவுக்கு 16 முதல் 32. ரவுட்டர் பெட்டியில் 1200, 3000 என்று போட்டிருக்கும்போது இது கொசுறு மாதிரித் தோன்றும்.

ஆனால் காற்று என்பது மேடையில் இருக்கும் ஒற்றை மைக். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் கேமரா தன் பேச்சைச் சட்டென்று முடித்துவிட்டு மைக்கைக் கொடுத்துவிடும். மூன்று சுவர் தாண்டி மூலையில் இருக்கும் கேமராவுக்குச் சிக்னல் மெலிந்திருப்பதால், அதே சேதியை இழுத்து இழுத்து, திரும்பத் திரும்பச் சொல்லும். அது மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் மற்ற ஏழும் காத்திருக்க வேண்டும். அதனால் மூலையில் மாட்டிய ஒற்றைக் கேமரா மொத்த வீட்டையும் மந்தமாக்கிவிடும். ஒரு குடோனில் பன்னிரண்டு வைஃபை கேமராவை ஞாயிற்றுக்கிழமை மாட்டிவிட்டு, படம் கண்ணாடி மாதிரி வருகிறது என்று காசும் வாங்கிக்கொண்டு வந்தேன். திங்கள் காலை பத்து மணிக்குப் போன் வந்தது. ஆட்கள் வேலைக்கு வந்து, நாற்பது செல்போனும் அதே அலைவரிசையில் முட்டியதும், நான்கு கேமரா மட்டுமே மிஞ்சியது. அந்த வாரமே என் செலவில் ஒயர் இழுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து நான்கு கேமராவுக்கு மேல் என்றால் வைஃபை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

இதில் இன்னொரு சூட்சுமம். மலிவான வைஃபை கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசுபவை. உள்ளே இருப்பது 2009-இல் வந்த 802.11என் தர ரேடியோ. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கும் சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. பக்கத்து வீட்டு ரவுட்டர், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாமே அங்கேதான் குடியிருக்கின்றன. இப்போது வைஃபை 7 ரவுட்டர் விளம்பரம் நிறைய வருகிறது. 2024 ஜனவரியில் அதற்குச் சான்றளிப்பு தொடங்கியது, நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் உங்கள் கேமராவுக்குள் பழைய ரேடியோ இருக்கும்வரை, புது ரவுட்டர் போய் அதோடு பழைய பாஷையில்தான் பேசும். 2021-இல் தரமாக முடிவான வைஃபை 6 உண்மையிலேயே கேமராவுக்கு ஒத்தாசை. ஒரே நேரத்தில் பல கருவிகளுக்கு அலைவரிசையைப் பங்குபோட்டுக் கொடுக்கும் முறை அதில் இருக்கிறது. அந்தப் பலன் கிடைக்கக் கேமராவும் வைஃபை 6 ஆக இருக்க வேண்டும். வாங்கும்போது ரவுட்டர் பெட்டியை விட்டுவிட்டுக் கேமரா பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

இப்போது உங்கள் தோப்புக்கு வருவோம். இங்கேதான் நான் கட்சி மாறுகிறேன். 300 மீட்டருக்கு லேன் கேபிள் போகாது. செம்பு கேபிள் எதுவானாலும், அந்தத் தூரத்துக்கு வெட்டவெளியில் இழுத்தால் இடி இறங்கும்போது அது வீட்டுக்குள் அழைப்பு வைத்தது மாதிரி. ஐப்பசி மழையில் டிவிஆர், ஸ்விட்ச், டிவி வரை வரிசையாகப் போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன். இங்கே ஒயர்லெஸ் பிரிட்ஜ் நல்ல விடை. வீட்டு மாடியில் ஒன்று, மோட்டார் ரூம் மேல் ஒன்று என்று இரண்டு வெளிப்புறக் கருவிகள் ஒன்றையொன்று பார்த்து நிற்கும். சாதாரண வைஃபை மாதிரி நாலாபக்கமும் இறைக்காமல் டார்ச் மாதிரி ஒரே திசையில் அடிக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் இதற்கு உரிமம் தேவையில்லை. 2018 அக்டோபரில் மத்திய அரசு அந்த அலைவரிசையில் பெரும்பகுதியைத் திறந்துவிட்டது. 300 மீட்டர் அதற்குத் தூரமே இல்லை.

ஆனால் தென்னை இருக்கிறதே, அதுதான் எதிரி. இரண்டு கருவிக்கும் நடுவே நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு தெரிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. ரேடியோ அலைக்கு அந்தக் கோட்டைச் சுற்றி ஒரு பூசணிக்காய் வடிவ இடம் காலியாக வேண்டும். 300 மீட்டர் தூரத்துக்கு, 5.8 கிகாஹெர்ட்ஸில், நட்டநடுவில் அதன் ஆரம் ஏறத்தாழ 2 மீட்டர். அதற்குள் மட்டை நுழைந்தால் சிக்னல் விழும். மட்டை நனைந்திருந்தால் இன்னும் விழும், ஏனென்றால் தண்ணீர் இந்த அலையை உறிஞ்சிக்கொள்ளும். சித்திரையில் மாட்டிக் கொடுத்த ஒரு இணைப்பு கார்த்திகையில் செத்துப்போனது. கருவி பழுது என்று இரண்டு முறை மாற்றிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். ஆறு மாதத்தில் இளந்தென்னையின் குருத்து கோட்டுக்கு நேராக வந்து நின்றிருந்தது. தென்னை வருடா வருடம் உயரும், நீங்கள் நட்ட கம்பம் உயராது.

அதனால் வரப்போரமாக ஒரு அடி ஆழத்துக்குப் பைப் புதைக்க வழி இருந்தால், நான் ஃபைபர்தான் சொல்வேன். அது கண்ணாடி இழை. உள்ளே இரும்புக் கம்பி இல்லாத கேபிளாகக் கேட்டு வாங்கினால் இடி அதன் வழியாக வராது. உங்கள் ஊர்க் கேபிள்காரரிடம் ஒட்டும் மெஷின் இருக்கும், இரண்டு முனையையும் ஒட்டிக் கொடுக்க அரை மணி நேரம் ஆகாது. ஆனால் டிராக்டர்காரரிடம் பைப் போகும் இடத்தைக் காட்டி வையுங்கள். அணிலும் எலியும் ஃபைபரை விரும்பிக் கடிக்கும், பைப் இல்லாமல் மரத்துக்கு மரம் தொங்கவிட வேண்டாம்.

ஹேலோ என்று ஒரு வைஃபை வகையைப் பற்றியும் யாராவது உங்களிடம் சொல்லலாம். ஒரு கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே ஓடும் 802.11ஏஎச் என்ற தரம் அது. இலை, சுவர் எல்லாவற்றையும் நன்றாகத் தாண்டும், ஒரு கிலோமீட்டர் வரை போகும் என்பதும் உண்மை. தோப்புக்காகவே செய்தது போல் இருக்கும். சிக்கல் என்னவென்றால் இந்தியாவில் அந்தப் பகுதியில் உரிமமில்லாமல் பயன்படுத்தக் கிடைப்பது 865 முதல் 868 வரை, வெறும் 3 மெகாஹெர்ட்ஸ். அதில் ஒன்றிரண்டு கேமரா ஓடலாம், எட்டு ஓடாது. அமெரிக்காவுக்காகச் செய்த 902 முதல் 928 வரை ஓடும் கருவியை ஆன்லைனில் வாங்கிவிடாதீர்கள். அது இங்கே செல்போன் அலைவரிசைக்குள் போய் விழும், சட்டப்படியும் குற்றம்.

சோலார் போட்ட 4ஜி சிம் கேமராவைத்தான் கடைக்காரர் தோப்புக்குக் காட்டுவார் என்று நினைக்கிறேன். ஒயரே இல்லாத கேமரா என்றால் உண்மையில் இந்த மாதிரிதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 2 மெகாபிட் வீதம் நாள் முழுவதும் அனுப்பினால் 21.6 ஜிபி. உங்கள் ரீசார்ஜில் ஒரு நாளைக்கு 2 ஜிபி. அதனால் அந்தக் கேமரா தூங்கிக்கொண்டுதான் இருக்கும். உடல் சூட்டை உணரும் சென்சார் தட்டி எழுப்பினால் எழுந்து, பதிய ஆரம்பிக்கும். எழுந்திருக்க ஆகும் நேரத்தில் ஆள் பாதித் தூரம் நடந்திருப்பான். பல வீடியோக்களில் முதுகுதான் கிடைக்கும். மேலும் பொள்ளாச்சி வெயிலில் மதியம் தரையும் ஆளும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்கும்போது அந்தச் சென்சார் தடுமாறும். எச்சரிக்கை மணியாக அது பிரயோஜனம், சாட்சியாக அரைகுறை. கரண்டே இல்லாத வேலி மூலைக்கு ஒன்று வைக்கலாம், உங்கள் மோட்டார் ரூமில் கரண்ட் இருக்கிறதே.

இனி அந்த ஏஐ. இதைப் பற்றிக் கடைகளில் பேசுவதில் பாதி நிஜம், பாதி புகை. நிஜத்தை முதலில் சொல்கிறேன். பழைய டிவிஆரில் 'மோஷன்' என்று ஒன்று இருந்தது. படத்தில் புள்ளிகள் மாறினால் மணி அடிக்கும். மட்டை ஆடினாலும் அடிக்கும், மழை பெய்தாலும் அடிக்கும். ராத்திரியில் லென்ஸ் முன்னால் சிலந்தி வலை பின்னியிருக்கும். அகச்சிவப்பு வெளிச்சம் பட்டதும் அந்த ஒற்றை இழை தேர் வடக்கயிறு கனத்துக்கு வெள்ளையாகத் தெரியும், காற்றில் ஆடும், விடிய விடிய மணி அடிக்கும். எனக்குத் தெரிந்த ஒரு மளிகைக்காரர் ஒரு ராத்திரிக்கு இருநூறு முந்நூறு என்று எச்சரிக்கை வந்ததால் செயலியையே ஊமையாக்கிவிட்டார். கடை உடைந்த அன்றும் எச்சரிக்கை வந்திருந்தது, மறுநாள்தான் பார்த்தார். இப்போது வரும் கேமராவில் ஒரு சின்ன சிப் உட்கார்ந்துகொண்டு, அசைந்தது ஆளா, வண்டியா, வேறு ஏதாவதா என்று பிரித்துவிடுகிறது. இது நன்றாகவே வேலை செய்கிறது. நூற்றுக்கு நூறு இல்லை, குடை பிடித்தவரையும் குனிந்து தேங்காய் பொறுக்குகிறவரையும் சில நேரம் தவறவிடும். ஆனாலும் முந்நூறு எச்சரிக்கை ஐந்தாறாகக் குறைந்தால் மனுஷன் எழுந்து பார்ப்பான்.

இந்த மாற்றத்தில்தான் ஒயர்லெஸ்ஸின் எதிர்காலமும் இருக்கிறது என்பது என் கருத்து. எல்லோரும் ரேடியோ வேகமாகிவிடும், அதனால் கேமரா ஒயரை விட்டுவிடும் என்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. கேமராவே பார்த்துப் புரிந்துகொள்வதால், அது வெளியே அனுப்ப வேண்டியது குறைந்துகொண்டே வருகிறது. முழுப் பதிவையும் தன் மெமரி கார்டிலேயே வைத்துக்கொண்டு, "ராத்திரி 2.14-க்கு ஓர் ஆள், மோட்டார் ரூம் கதவு" என்ற சேதியையும் பத்து நொடித் துண்டையும் மட்டும் அனுப்பினால், மெலிந்த சிக்னலே போதும். காற்றின் மீதுள்ள பாரம் இறங்குகிறது. ரவுட்டர் நம்பர் 6-லிருந்து 7-க்கு ஏறுவதைவிட இது பெரிய விஷயம்.

அடுத்து புகை. "சந்தேகப்படும்படி நடந்தால் கண்டுபிடிக்கும்", "திருடுவதற்கு முன்பே சொல்லிவிடும்" என்று யாராவது விற்றால் எழுந்து வந்துவிடுங்கள். முகத்தை அடையாளம் காண்பது நடுவாந்தரம். நல்ல வெளிச்சத்தில், நேராக வரும் முகத்தை, வீட்டு ஆட்கள் பத்துப் பேரில் ஒருவரா என்று பார்ப்பதற்குச் சரி. தூரத்து மங்கல் படத்தை ஊர் முழுவதின் படங்களோடு ஒப்பிடுவது வேறு கதை. அமெரிக்காவின் என்ஐஎஸ்டி என்ற தர நிர்ணய அமைப்பு 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பல அல்காரிதங்கள் ஆசிய, ஆப்பிரிக்க முகங்களை ஆள் மாற்றிச் சொல்வது வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அங்கே டெட்ராய்ட் நகரப் போலீசார் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவரை 2020 ஜனவரியில் அவர் வீட்டு வாசலில், மனைவி குழந்தைகள் பார்க்கக் கைது செய்தார்கள். கடைக் கேமராவின் மங்கலான படத்தைக் கணினி அவருடைய பழைய ஓட்டுநர் உரிமப் படத்தோடு தவறாகப் பொருத்தியிருந்தது. நம் களத்தில் வேலைக்கு வருகிறவர்களும் கறுத்த முகக்காரர்கள்தான், வெயிலில் துண்டு கட்டியிருப்பார்கள். கேமரா ஒரு பெயரைச் சொன்னால் அதை வைத்து யார் மேலும் கை நீட்டிவிடாதீர்கள்.

முகம் தெரிய வேண்டுமானால் ஏஐயைவிடக் கணக்கு உதவும். கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐரோப்பியத் தரத்தில், அறிமுகமில்லாத ஒருவரை இன்னார் என்று உறுதியாகச் சொல்லப் படத்தில் மீட்டருக்கு 250 புள்ளி வேண்டும். பழகினவரை அடையாளம் காண 125, யாரோ ஓர் ஆள் இருக்கிறான் என்று தெரிய 25. 4 மெகாபிக்சல் கேமராவின் அகலம் 2560 புள்ளி. 250-ஆல் வகுத்தால் பத்து மீட்டர் அகலம்தான். வழக்கமாக மாட்டும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸில் அந்தப் பத்து மீட்டர் அகலம், கேமராவிலிருந்து நாலைந்து மீட்டரிலேயே வந்துவிடும். அதற்கு அப்பால் போகப் போக முகம் கரையும். "முழுத் தோப்பும் தெரிகிற மாதிரி மாட்டுங்கள்" என்று கேட்பார்கள். முழுத் தோப்பும் தெரியும், ஒருத்தன் முகமும் தெரியாது. வண்டி உள்ளே வர ஒரே வழிதான் இருக்கும் இல்லையா, அந்த வாசலில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, நீளமான லென்ஸோடு ஒன்று. அது பத்துக் கேமராவுக்குச் சமம்.

யார் பார்ப்பார்கள் என்ற பயம் நியாயமானது. 2016-இல் மிராய் என்ற தீநிரல், தயாரிப்பாளர் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்த கேமரா, டிவிஆர்களை லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றை வைத்தே அந்த அக்டோபரில் அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களை முடக்கியது. 2024 பிப்ரவரியில் வைஸ் என்ற நிறுவனத்தின் கிளவுட் கோளாறால் சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுக் கேமராப் படம் தெரிந்தது. 2025-இல் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் இணையத்தில் விற்பனைக்கு வந்தன. ஆக, பாஸ்வேர்டை மாற்றுங்கள், படுக்கையறைப் பக்கம் கேமரா வேண்டாம், கேமராவுக்கென்று ரவுட்டரில் தனி வைஃபை பெயர் வையுங்கள். நம் நாட்டில் ஒரு நல்லது நடந்திருக்கிறது. 2024 ஏப்ரலில் மத்திய மின்னணு அமைச்சகம் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையை அறிவித்து, 2025 ஏப்ரல் 9 முதல் அதைக் கட்டாயமாக்கியது. கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கலாம், அந்தச் சோதனை முடித்த மாடலா என்று கேளுங்கள்.

வைஃபைக்கே உரிய ஓட்டை ஒன்றும் உண்டு. பழைய முறையில், வெளியிலிருந்து ஒருவர் ரவுட்டர் மாதிரி நடித்து "இணைப்பை விடு" என்று சொன்னால் கேமரா நம்பி விட்டுவிடும். 2009-இல் இதற்குப் பூட்டு வந்தது, 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் அந்தப் பூட்டு கட்டாயம். ஆனால் மலிவான கேமராக்களில் பல இன்னும் பழைய முறையில்தான் இருக்கின்றன. பூட்டு இருந்தாலும் மொத்த அலைவரிசையையும் இரைச்சலால் நிரப்புகிறவனை எந்த வைஃபையும் தாங்காது. நம் பக்கத்துத் தேங்காய்த் திருடன் அவ்வளவு தூரம் போவான் என்று நான் நினைக்கவில்லை, அவன் மெயின் சுவிட்சைத்தான் அணைப்பான். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: ஒவ்வொரு கேமராவிலும் ஒரு மெமரி கார்டு, இரண்டு முனையிலும் ஒரு சின்ன யுபிஎஸ்.

பதிவு எத்தனை நாள் இருக்கிறது என்பதை இன்றைக்கே பாருங்கள். கேமராவுக்கு 2 மெகாபிட் வீதம் எட்டு கேமரா 30 நாளுக்கு 5.2 டெராபைட் தின்னும். பழைய டிவிஆரில் ஒரு டெராபைட் இருந்தால் ஐந்தாறு நாளில் மேலெழுதிவிடும். இடம் இருந்தால் மட்டும் போதாது, செட்டிங்கையும் பார்க்க வேண்டும். 2020-இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிக்கப்பட்டுத் தந்தையும் மகனும் இறந்துபோன வழக்கில், விசாரிக்கப்போன மாஜிஸ்திரேட் கண்டது அதுதான். ஹார்டு டிஸ்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தும், பதிவு அன்றாடம் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், காவல் நிலையக் கேமராப் பதிவுகளைப் பதினெட்டு மாதம், அதற்கு வழியில்லாவிட்டால் ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்றது. உங்களுக்கு முப்பது நாள் போதும். கூடவே கடிகாரத்தையும் சரிபாருங்கள். டிவிஆரில் நேரம் முக்கால் மணி தள்ளி ஓடினால் போலீஸ் ஸ்டேஷனில் தலைவலி. 2024 ஜூலையிலிருந்து புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, பதிவைக் கோர்ட்டில் கொடுக்கச் சான்றிதழும், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹேஷ் எண்ணும் வேண்டும். கிளவுடில் மட்டும் இருக்கும் பத்து நொடித் துண்டைவிட, கையில் இருக்கும் ஹார்டு டிஸ்க் இதற்கு வசதி.

களத்தில் ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வீட்டு உபயோகத்தை விலக்கி வைக்கிறது. கூலிக்கு ஆள் வைத்து நடக்கும் களம் வீட்டு உபயோகம் ஆகுமா என்று கேட்டால், நான் வக்கீல் இல்லை, ஆகாது என்றே வைத்துக்கொண்டு நடப்பேன். கேமரா இருக்கிறது என்று ஒரு போர்டு எழுதி மாட்டுங்கள். பெண்கள் துணி மாற்றும், உட்கார்ந்து சாப்பிடும் பக்கம் திருப்பாதீர்கள். பக்கத்துத் தோட்டத்து வீடு படத்தில் விழுந்தால் அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி பெரும்பாலான டிவிஆர்களில் இருக்கிறது. போலீஸ் வருவதற்கு முன்பே பங்காளிச் சண்டை வந்துவிடுவது இதனால்தான்.

பொறுத்தால் நல்லது வருமா? வரும். 5ஜியில் கேமரா மாதிரிக் கருவிகளுக்கென்று மின்சாரம் கம்மியாகத் தின்னும் ரெட்கேப் என்ற வகை 2022-இல் தரமாகிவிட்டது. கேமராவே இல்லாமல், வைஃபை அலை ஆளின் மேல் பட்டுக் கலைவதை வைத்து நடமாட்டத்தை உணரும் 802.11பிஎஃப் தரம் 2025-இல் முடிவானது. படம் எடுக்காமல் காவல் காக்க முடிவதால், வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்கு அதுதான் பெரிய வரம் ஆகும் என்று எனக்கு ஓர் எண்ணம். இவையெல்லாம் உங்கள் ஊர்க் கடையில், நம் பட்ஜெட்டில் எப்போது வரும் என்று தேதி சொல்கிறவர் ஜோசியர்தான். அதற்காக மோட்டார் கேபிளை இன்னொரு தரம் பறிகொடுக்க வேண்டாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், வீட்டில் இருக்கும் கோஆக்சியல் ஒயரில் (டிவி கேபிள் மாதிரியான பழைய கேமரா ஒயர்) கை வைக்க மாட்டேன். அதே 3+1 கேபிளில் இன்று 5 மெகாபிக்சல் கேமராவே ஓடும். டிவிஆரை மட்டும், பழைய கேமராவையும், நெட்வொர்க்கில் ஓடும் புது ஐபி கேமராவையும் சேர்த்து எடுக்கும் வகையாக மாற்றுவேன். ஆளையும் வண்டியையும் பிரிக்கும் வசதி அந்தப் பெட்டியிலேயே வருகிறது, அதனால் பழைய கேமராவுக்கும் அந்த அறிவு கிடைத்துவிடும். மங்கிப்போன இரண்டு மூன்று கேமராவை மட்டும் மாற்றுவேன். தோப்புக்கு ஃபைபர், முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் பிரிட்ஜ். மோட்டார் ரூமில் ஒரு பிஓஇ ஸ்விட்ச், அதிலிருந்து களத்துக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று, வண்டி வரும் வழிக்கு ஒன்று.

பிரிட்ஜ்தான் என்று முடிவானால், கம்பத்துக்குக் குழி எடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். கருவி இரண்டையும் நீள மூங்கிலில் கட்டி, கம்பம் வரப்போகும் இடத்தில் நிறுத்தி, ஒரு வாரம் ஓடவிட்டுப் பாருங்கள். காற்று அடிக்கும் சாயங்காலம் ஒரு தடவை, மழை பெய்து மட்டையெல்லாம் சொட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு தடவை சிக்னல் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு எண்ணையும், நடுவில் எத்தனை மரம், என்ன ரகம், என்ன வயசு என்பதையும் கீழே எழுதினால், கம்பம் எத்தனை அடி வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.